ஓவியத்தைக் கடைசியில் எழுதிய ஓவியன்

பத்திரிகை ஆசிரிய பீடத்தில் நீண்டகாலம் இருப்பவர்களுக்கு, எழுதுவதோடும் திருத்துவதோடும் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்துவிடும். உத்தியோகம் தேடி வருவோரின் சுயவிபரக் கோவைகளைப் படிப்பதே அது. அவ்வகையில் நான் படித்தவை ஏராளம். பெயர், பிறந்த திகதி, பரீட்சைப் பெறுபேறுகள் என்பன பெரும்பாலும் ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கும். 'தொழில் நோக்கம்' என்ற தலைப்பின் கீழ் வரும் இரண்டு வரிகளில்தான் எழுதியவரின் பேனா தடுமாறியிருக்கும். தனக்கு என்ன வேண்டும் என்று இன்னும் முடிவுசெய்யாத ஒருவர், முடிவுசெய்துவிட்டவர் போல எழுத முற்படும்போது ஏற்படும் தடுமாற்றம் அது.

இது இளைஞர்களுக்கு மட்டும் உரிய சங்கடமன்று. 1983இற்குப் பின்னர் புலம்பெயர்ந்த எம்மவர்களில் எத்தனையோ பேர், ஊரில் ஆசிரியராகவோ கணக்காளராகவோ எழுதுவினைஞராகவோ இருந்த வாழ்க்கையை ஒரு பக்கத்தில் சுருக்கி, அந்நிய நாட்டு முதலாளி ஒருவருக்கு விளங்கும் விதத்தில் மீண்டும் எழுத வேண்டியவர்களாயினர். முன்னர் செய்த தொழிலைச் சொன்னால் வேலை கிடைக்காது. இனிச் செய்யப்போகும் தொழில் எதுவென்று தமக்கே தெரியாது. இந்த இரண்டுக்கும் இடையில் நின்று எழுதப்பட்ட தாள்கள் அவை.

இத்தகையோருக்கு ஆறுதலாகவும் ஓரளவு எச்சரிக்கையாகவும் அமையக்கூடிய ஒரு கடிதம் வரலாற்றில் உண்டு. உலகின் முதலாவது சுயவிபரக் கோவை என்று பலரும் அதனைச் சொல்வதுண்டு. முதலாவதா என்பது வாதத்துக்குரியது. ஆயினும், திசை தெரியாத ஒரு மனிதன் தன்னைப் பற்றி எழுதிய விண்ணப்பங்களுள் அதனைவிடப் புகழ்பெற்ற வேறொன்று இல்லை என்று துணிந்து கூறலாம். எழுதியவர் லியனார்டோ டா வின்சி. யாருக்கு எழுதினார் எனில், மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்சாவுக்கு. காலம், ஏறத்தாழ 1482ஆம் ஆண்டு.

கடிதத்தின் வரைவுப் பிரதி ஒன்று இன்றும் மிலானிலுள்ள அம்புரோசிய நூலகத்தில், 'கொடெக்ஸ் அத்லாந்திக்கஸ்' எனப்படும் பெருந்தொகுப்பினுள் பாதுகாக்கப்படுகின்றது. லியனார்டோ இடக்கை வழக்கமுடையவர். தமக்கான குறிப்புகளை வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்த்துப் படிக்கத்தக்கவாறு எழுதியவர். இக்கடிதமோ இடமிருந்து வலமாக, அழகிய கையெழுத்தில், வேறொருவரால் எழுதப்பட்டிருக்கின்றது. தமது விண்ணப்பம் பார்வைக்கு நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று எண்ணி, நல்ல எழுத்துள்ள ஒருவரை அவர் நாடினார் என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அப்போது அவருக்கு வயது 30. இன்று நாம் அறிந்த லியனார்டோவை ஒரு கணம் மறந்துவிட்டு, அன்றைய லியனார்டோவின் நிலையைப் பார்ப்போம். அவர் ஒரு நொத்தாரிசின் மகன். ஆனால் திருமண பந்தத்துக்கு வெளியே பிறந்தவர். ஆகவே தந்தையின் தொழிற்கழகத்துக்குள் நுழையும் வழி அவருக்கு அடைபட்டிருந்தது. புளோரன்சில் வெரோக்கியோவின் பட்டறையில் தொழில் பழகி, 1472இல் ஓவியர் கழகத்தில் பெயர் பதிந்தார். 1478இல் நகர அரண்மனையின் சிற்றாலயத்துக்கு ஒரு பலிபீட ஓவியம் வரையும் பணி கிடைத்தது. அதனை அவர் செய்து கொடுக்கவில்லை. 1481இல் ஒரு மடாலயத்துக்காக 'ஞானிகளின் வணக்கம்' என்ற பெரும் ஓவியத்தைத் தொடங்கினார், அதுவும் முடியவில்லை. அதே ஆண்டில் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்டஸ், உரோமாபுரியின் சிஸ்டைன் ஆலயச் சுவர்களில் ஓவியம் தீட்டப் புளோரன்சின் ஓவியர்களை அழைத்தார். பொத்திச்செல்லி சென்றார், கிர்லாந்தாயோ சென்றார். சென்றவர்களின் வரிசையில் லியனார்டோவின் பெயர் இல்லை.

இந்த விபரங்களை அப்படியே ஒரு தாளில் எழுதி நீட்டியிருந்தால் எந்த அரசன் வேலை கொடுப்பான்? எழுதியிருந்தால் அது பொய்யாகவும் இராது. 'தொடங்கிய பணிகளுள் முடித்தவை மிகச் சில' என்பதே அவரது பத்தாண்டு அனுபவத்தின் நேர்மையான சுருக்கம். அதேவேளை அந்தச் சுருக்கம் அவரைப் பற்றிய முழு உண்மையும் ஆகாது. ஏனெனில் அந்தப் பத்தாண்டுகளில் அவர் தூரிகையோடு மட்டும் இருக்கவில்லை. வெரோக்கியோவின் பட்டறை பொன்வேலை, வெண்கல வார்ப்பு, சிற்பம், ஓவியம், பொறியமைப்பு ஆகிய யாவும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம். 1471இல் புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாட உச்சியில் மாபெரும் செப்பு உருண்டை ஒன்றை ஏற்றி நிறுத்தியது அந்தப் பட்டறையே. அந்த உருண்டையின் தகடுகளைப் பற்றவைத்த முறையை லியனார்டோ முதுமையிலும் தமது குறிப்பொன்றில் நினைவுகூர்ந்திருக்கிறார். பளு தூக்கும் பொறிகளின் மீது அவருக்கிருந்த ஆர்வத்தின் வேர் அங்கேயே உள்ளது.

இனிக் கடிதத்துக்கு வருவோம். லியனார்டோ முதலில் செய்த காரியம், தன்னை மறந்து வாசகனை நினைத்ததாகும். லுடோவிக்கோ அப்போது முறைப்படியான கோமகன் அல்லர். சிறுவனான அண்ணன் மகனின் பெயரால் ஆட்சியைத் தன் கையில் வைத்திருந்தவர். 1482இல் வெனிஸ் குடியரசுக்கும் பெராரா நாட்டுக்கும் போர் மூண்டது. மிலான் பெராராவின் பக்கம் நின்றது. உள்ளே உரிமைப் போட்டி, வெளியே யுத்தம். இப்படிப்பட்ட ஒருவருக்கு வேண்டியது என்ன என்று கேட்டால், ஓவியம் என்று எவரும் விடை சொல்லமாட்டார்.

ஆகவே கடிதம் போர்க்கருவிகளில் தொடங்குகின்றது. போர்ப்பொறி வல்லுநர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரின் படைப்புகளைத் தாம் ஆராய்ந்ததாகவும், அவற்றில் வழக்கத்துக்கு மாறான எதனையும் காணவில்லை என்றும் கூறிவிட்டு, தமது திறன்களை எண்ணிட்டு அடுக்குகிறார். இலகுவாகத் தூக்கிச் செல்லத்தக்க உறுதியான பாலங்கள். முற்றுகையின்போது அகழியின் நீரை வடிக்கும் வழிகள். கல்மழை பொழியும் பீரங்கிகள். ஓசையின்றித் தோண்டப்படும் சுரங்கப் பாதைகள். எதிரியின் அணிக்குள் புகத்தக்க மூடிய வண்டிகள். கடற்போருக்கான கருவிகள். பீரங்கி பயன்படாத இடத்தில் கவண் பொறிகள். இவ்வாறு ஒன்பது விடயங்கள் யுத்தத்தைப் பற்றியவை.

பத்தாவதாக, சமாதான காலம் வருகின்றது. கட்டடங்கள் அமைத்தல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நீரைக் கொண்டு செல்லுதல். அதன் பின்னரே, பளிங்கிலும் வெண்கலத்திலும் களிமண்ணிலும் சிற்பம் செய்ய வல்லேன் என்றும், ஓவியத்திலும் எவருக்கும் குறையாதபடி செய்வேன் என்றும் ஒரு வாக்கியம் வருகின்றது. 'மோனாலிசா'வைப் பின்னாளில் வரையப்போகும் மனிதன், ஓவியத்துக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவே. அதனையடுத்து, லுடோவிக்கோவின் தந்தையான பிரான்செஸ்கோ ஸ்போர்சாவின் நினைவாக வெண்கலக் குதிரை ஒன்றையும் வார்க்கலாம் என்று தொட்டுக் காட்டுகிறார். இறுதியில், மேற்கூறியவற்றுள் எதுவும் இயலாதது என்று தோன்றினால், தங்கள் பூங்காவிலோ தாங்கள் விரும்பும் வேறிடத்திலோ செய்து காட்டச் சித்தமாயிருக்கிறேன் என்று முடிக்கிறார்.

இக்கடிதத்தை ஒரு பெரும் புளுகு என்று தள்ளிவிடுவோரும் உண்டு. அதுவரையில் அவர் எந்தக் கோட்டையையும் தகர்த்தவர் அல்லர். எந்தப் படையிலும் பணிபுரிந்தவர் அல்லர். ஆனால் அவர் பயன்படுத்தும் வினைச்சொற்களைக் கவனித்தால் ஒரு நுட்பம் புலப்படும். 'செய்தேன்' என்று அவர் பட்டியலிடவில்லை. 'என்னிடம் முறைகள் உள்ளன', 'செய்வேன்' என்றே சொல்கிறார். கடந்தகாலம் கைகொடுக்காதவன் எதிர்காலத்தை எழுதுகிறான். அதற்குப் பிணையாகச் சோதனைக்கு உடன்படுகிறான். இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டுவதற்கும், உள்ள ஆற்றலை இனிமேல் காட்டுவேன் என்று உறுதி கூறுவதற்கும் இடையிலுள்ள கோட்டை அவர் தாண்டவில்லை என்பதே என் கருத்து.

அடுத்து நடந்தவை இன்னும் சுவையானவை. லியனார்டோ புளோரன்சிலிருந்து மிலானுக்குச் சென்றபோது அவரோடு சென்றது ஓர் இசைக்கருவி. லொரென்சோ டி மெடிச்சி அவரை ஒரு யாழுடன் மிலானுக்கு அனுப்பினார் என்று பழைய வரலாற்றுக் குறிப்பொன்று கூறுகின்றது. அது வெள்ளியால், குதிரைத் தலையோட்டின் வடிவில், அவரே செய்த கருவி என்று வசாரி எழுதினார். கையில் யாழ், கடிதத்தில் பீரங்கி. மிலானில் அவருக்குக் கிடைத்த முதலாவது ஆவணபூர்வமான பணியோ ஓவியம். 1483 ஏப்ரல் 25இல், உள்ளூர் ஓவியர்களான தெ பிரேடிஸ் சகோதரர்களுடன் சேர்ந்து கைச்சாத்திட்ட அந்த ஒப்பந்தத்திலிருந்தே 'பாறைகளின் கன்னி' பிறந்தது. கடிதத்தின் கடைக்கோடியில் ஒளிந்திருந்த தொழில்தான் முதலில் சோறு போட்டது.

அரண்மனையில் இடம் கிடைக்க மேலும் சில ஆண்டுகள் சென்றன. கிடைத்த பின்னர் அவர் செய்தவற்றுள் பெரும்பாலானவை கடிதத்தில் இல்லாதவை. 1490 ஜனவரியில் கோமகனின் திருமணக் கொண்டாட்டத்துக்காகக் கோள்கள் சுழலும் மேடை ஒன்றை அமைத்தார். லுடோவிக்கோவின் காதலியை ஓவியமாகத் தீட்டினார். ஒரு மடத்து உணவு மண்டபத்தின் சுவரில் 'இறுதி இராப்போசனம்' வரைந்தார். போர்ப்பொறியாளர் என்று விண்ணப்பித்தவர் விழா அமைப்பாளராகவும் அரசவை ஓவியராகவும் ஆனார்.

கடிதத்தில் சொல்லப்பட்டவற்றுள் அவர் மிக நீண்ட காலம் உழைத்தது அந்த வெண்கலக் குதிரைக்காகவே. 7 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் அதன் களிமண் மாதிரி 1493இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வார்ப்பதற்கான வெண்கலமும் சேர்க்கப்பட்டது. 70 தொன்னுக்குக் குறையாது என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. 1494இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்ள்ஸ் இத்தாலிக்குள் படையெடுத்து வந்தான். குதிரைக்கென்று வைத்திருந்த வெண்கலம் முழுவதும் லுடோவிக்கோவின் மாமனாரான பெராராக் கோமகனுக்குப் பீரங்கி வார்க்க அனுப்பப்பட்டது. குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், காலத்தின் நிலைமையை நான் அறிவேன் என்ற பொருள்பட லியனார்டோ எழுதிய துண்டுக் குறிப்பொன்று எஞ்சியிருக்கின்றது. 1499இல் பிரெஞ்சுப் படை மிலானைக் கைப்பற்றியபோது, அதன் வில்லாளிகள் அந்தக் களிமண் குதிரையை இலக்காக வைத்து அம்பெய்து பழகினர்.

கடிதத்தின் முற்பகுதியில் பீரங்கியும் பிற்பகுதியில் குதிரையும் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் முற்பகுதி பிற்பகுதியை விழுங்கிவிட்டது. வேலை கொடுப்பவனின் தேவையை முதலில் வைத்தே ஒரு விண்ணப்பத்தை எழுதுகிறோம். நெருக்கடி வரும் நாளில் அவனும் அதே வரிசைப்படியே தெரிவு செய்வான். எச்சரிக்கை என்று நான் மேலே குறிப்பிட்டது இதனையே.

எனினும் கதை அங்கு முடியவில்லை. 1502 ஓகஸ்ட் 18ஆம் திகதியிட்ட ஆணைப்பத்திரத்தின் மூலம் செசாரே போர்ஜியா, லியனார்டோவைத் தமது கோட்டைகளைப் பார்வையிடும் தலைமைப் பொறியாளராக நியமித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய சொற்கள் ஐம்பதாவது வயதில் பதவியாக வந்து சேர்ந்தன. அந்தக் காலப்பகுதியிலேயே அவர் உதுமானிய சுல்தான் இரண்டாம் பயசித்துக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பினார். காற்றாலை, கப்பலுக்குள் புகும் நீரை இறைக்கும் பொறி, இஸ்தான்புல்லின் பொற்கொம்புக் கழிமுகத்தின் மேல் ஒரு பாலம் என்பன அதில் உள்ளடங்கியிருந்தன. அதன் துருக்கிய மொழிபெயர்ப்பு தொப்காப்பி அரண்மனைச் சுவடிகளிலிருந்து 1952இல் வெளிச்சத்துக்கு வந்தது. சுல்தான் அப்பாலத்தைக் கட்டவில்லை. ஆனால் அதன் வரைபடத்தை ஆதாரமாகக் கொண்டு 2001இல் நோர்வேயில் பாதசாரிகளுக்கான சிறிய பாலமொன்று அமைக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் ஒன்றுக்கு ஐந்நூறு ஆண்டுகளின் பின் கிடைத்த பதில் என்று இதனைக் கொள்ளலாம்.

லியனார்டோவுக்கு நேர்மாறான ஒருவரையும் இங்கு ஒப்புநோக்குவது பொருத்தமாகும். அவர் கலிலியோ. 1581இல் பீசாவில் மருத்துவம் பயிலச் சேர்ந்து, 1585இல் பட்டம் பெறாமலே வெளியேறியவர். பின்னர் கணிதத்தில் நிலைகொண்டு, 1592 முதல் வெனிஸ் குடியரசின் ஆட்சிக்குட்பட்ட பதுவாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1610 ஜனவரியில் தொலைநோக்கி மூலம் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டார். மார்ச்சில் நூலாக வெளியிட்டார். மே 7ஆம் திகதி, தஸ்கனிக் கோமகனின் செயலாளரான பெலிசாரியோ விந்தாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். கற்பித்தல் சுமையிலிருந்து விடுதலை வேண்டும், எழுதுவதற்கு ஓய்வு வேண்டும் என்று கேட்டார். தாம் எழுதி முடிக்க இருக்கும் நூல்களைப் பட்டியலிட்டார்: பிரபஞ்சத்தின் அமைப்புப் பற்றி இரண்டு, இயக்கம் பற்றி மூன்று, பொறியியக்கம் பற்றி மூன்று, இன்னும் பல.

அதற்கும் மேலாக ஒரு சொல்லைக் கேட்டார். 'கணித அறிஞர்' என்ற பதவிப் பெயரோடு 'தத்துவ அறிஞர்' என்பதும் சேர்க்கப்பட வேண்டும். தூய கணிதத்தில் தாம் செலவிட்ட மாதங்களைவிடத் தத்துவத்தில் செலவிட்ட ஆண்டுகள் அதிகம் என்றார். இது வெறும் பட்ட ஆசை அன்று. அன்றைய பல்கலைக்கழகங்களில் கணித ஆசிரியர் தாழ்ந்த படியில் இருந்தவர். கோள்களின் இருப்பிடத்தைக் கணிக்கலாம். உலகம் உண்மையில் எவ்வாறு அமைந்திருக்கிறது என்று சொல்லும் உரிமை தத்துவ அறிஞருக்கே இருந்தது. சூரியனே மையம் என்று உண்மையாகவே வாதிக்க விரும்பிய ஒருவருக்கு அந்த ஒரு சொல் அவசியமாயிற்று. 1610 ஜூலையில் அவர் கேட்ட பதவியும் கிடைத்தது. கேட்ட சொல்லும் கிடைத்தது.

திசை தெளிவாகத் தெரிந்திருந்த இந்த மனிதர் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. பாப்பரசரை எதிர்த்து நிற்கும் துணிவு வெனிஸ் குடியரசுக்கு இருந்தது. அங்குள்ள சுதந்திரத்தை விட்டுச் சென்றது உகந்ததன்று என்று அவரது நண்பர் சக்ரேடோ 1611இல் எழுதினார். 1633இல் உரோமாபுரியின் விசாரணை மன்றத்தின் முன் கலிலியோ மண்டியிட வேண்டி வந்தபோது, தஸ்கனி அவரைக் காப்பாற்றும் வலிமையோடு இருக்கவில்லை. எஞ்சிய காலத்தை அவர் வீட்டுக் காவலில் கழித்தார். ஆனால் 1610இல் வாக்களித்த நூல்களை அவர் மறக்கவில்லை. பிரபஞ்ச அமைப்புப் பற்றிய நூல் 1632இல் வந்தது. இயக்கம் பற்றிய நூல் 1638இல், இத்தாலியில் அச்சிட இயலாமல், ஒல்லாந்தின் லெய்டன் நகரில் வெளிவந்தது. விண்ணப்பத்தில் எழுதிய வாக்குறுதியை 28 ஆண்டுகளின் பின்னர், முதுமையில், பார்வையை இழந்த நிலையில் அவர் நிறைவேற்றினார்.

இவ்விரு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகின்றது. தன் திசையை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் விண்ணப்பம் ஒரு கதவை மட்டுமே திறந்துவிடுகின்றது; கதவுக்கு அப்பால் நடப்பதை அது தீர்மானிப்பதில்லை. 'கரிகுலம் விட்டே' என்ற இலத்தீன் தொடருக்கு வாழ்க்கையின் ஓட்டம் என்று பொருள். 'ரெசுமே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுருக்கம் என்று பொருள். ஓடி வந்த வழியையோ அதன் சுருக்கத்தையோதான் அச்சொற்கள் குறிக்கின்றன; சென்றடையும் இடத்தைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. 'தொழில் நோக்கம்' என்ற தலைப்பு பின்னர் படிவங்கள் கொண்டு வந்து சேர்த்தது. அந்த இரண்டு வரிகளை நிரப்ப இயலாததற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்போருக்கு லியனார்டோவின் கடிதத்திலேயே விடை இருக்கின்றது. யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கு இன்று எது தேவை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அத்தேவைக்கு உங்கள் கைகள் பழகிய வேலைகளில் எவை உதவும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பாடசாலைச் சஞ்சிகையைத் தொகுத்ததும், தந்தையின் கடைக் கணக்கைப் பார்த்ததும், முகாமில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அந்தச் செப்பு உருண்டையைப் போன்றவையே. செய்யாததைச் செய்ததாக எழுதாமல், செய்து காட்டச் சித்தமாயிருப்பதாக எழுதுங்கள். ஒரு மாதம் பயிலுநராக வைத்துப் பாருங்கள் என்று கேட்பது, பூங்காவில் சோதித்துப் பாருங்கள் என்று லியனார்டோ கேட்டதற்கு நிகரானது.

இன்னொன்றும் உண்டு. தங்கள் மனதுக்கு மிக நெருக்கமான திறமையை, இந்த வேலைக்குத் தேவையில்லை என்று நினைத்துப் பலர் முற்றாக நீக்கிவிடுகின்றனர். மிலான் கோமகனுக்கு ஓவியன் தேவைப்படவில்லை என்று தெரிந்திருந்தும் லியனார்டோ அந்த ஒரு வாக்கியத்தை அகற்றவில்லை. கடைசியில் வைத்தார், அவ்வளவே. அவருடைய பாலங்களையும் மூடிய வண்டிகளையும் தேடி இன்று எவரும் மிலானுக்குப் பயணிப்பதில்லை. பழைய மடமொன்றின் உணவு மண்டபத்துக்குள், முன்கூட்டியே பதிவுசெய்து, கால் மணி நேர அனுமதியுடன் உலகெங்குமிருந்து மக்கள் செல்வது அந்தக் கடைசி வாக்கியத்தின் பலனைப் பார்க்கவே.